அம்பாசடரின் மூக்கு அப்படியே இருக்கட்டும்: பழைய காரில் எதை மாற்றலாம், எதை மாற்றினால் சிக்கல்?

பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்ட பிறகு, பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இந்தப் பெட்ரோலை என் வண்டி தாங்குமா? தாங்காது என்றால், பேசாமல் ஒரு புது இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் என்ன?

இரண்டாவது கேள்விக்கு இணையக் காணொளிகள் காட்டும் பதில் ஆசையைக் கிளப்புவது. அறுபது வருட உடம்பு, அதற்குள் நேற்று வந்த இன்ஜின், குளுகுளு ஏசி, விரலால் திருப்பும் ஸ்டீயரிங். ஆனால் அந்த வண்டியின் ஆர்.சி. செல்லுமா, பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் நம்பர் கிடைக்குமா, பிரேக் பிடித்தால் நிற்குமா என்பதைக் காணொளி சொல்வதில்லை.

பழைய காரில் நிஜமாகவே பயன் தரும் மாற்றங்களில் பெரும்பாலானவை வெளியே தெரியாதவை, செலவு குறைந்தவை, சட்டத்தோடும் மோதாதவை. கண்ணைப் பறிக்கும் மாற்றங்கள்தான் மூன்று வகையிலும் வம்பு. ஏன் அப்படி என்பதை அம்பாசடரை, அதிலும் 1975 வரை வந்த மார்க் 2 மாடலை, உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

மூன்று சொற்கள்

1. ரெஸ்டோரேஷன்: வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்புவது. டிங்கரிங், பெயிண்டிங், இன்ஜினைக் கட்டுவது எல்லாம் இதில் வரும். புதுப் பாகம் போட்டாலும் அது பழைய பாகத்தின் அச்சாக இருக்க வேண்டும்.

2. ரெஸ்டோமாட்: தோற்றத்தை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டு இன்ஜின், கியர், பிரேக், சஸ்பென்ஷன், மின்சாரம் எல்லாவற்றையும் இன்றைய தரத்துக்குக் கொண்டுவருவது. கலிபோர்னியாவில் இருக்கும் சிங்கர் நிறுவனம் பழைய போர்ஷே 911 கார்களை இப்படி மாற்றித் தருவதில் பேர்பெற்றது.

3. ரெட்ரோஃபிட்: சட்டப் புத்தகத்தில் இருக்கும் சொல். ஏற்கெனவே பதிவான வண்டியில் பின்னாளில் ஒரு பாகத்தையோ சி.என்.ஜி., மின்சார கிட்டையோ பொருத்துவது.

காணொளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. நம் சட்டத்திலோ அந்தச் சொல்லே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர், 2014 வரை ஏறக்குறைய அதே உடம்போடு வந்துகொண்டிருந்தது. உள்ளே மட்டும் 1990களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. ஆலையே செய்த ரெஸ்டோமாட் என்று அதைச் சொல்லலாம். ஆலை செய்தால் மாடல், நாம் செய்தால் குற்றமா என்று கேட்கத் தோன்றும். ஆலை ஒவ்வொரு மாடலுக்கும் சோதனை நடத்திச் சான்றிதழ் வாங்குகிறது, பட்டறை வாங்குவதில்லை. முழு வழக்கும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 100 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்த, பிரேக் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். மார்க் 2 வந்த காலத்தில் நம் சாலைகளும் வேகங்களும் வேறு. இன்று அதே வண்டி நான்கு வழிச்சாலையில், டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள கார்களுக்குப் பின்னால் போகிறது. முன்னால் போகிறவர் சட்டென்று மிதித்தால் அவர் நின்றுவிடுவார். பின்னால் வருகிற நமக்கு அதே இடைவெளி போதாது.

பழைய டிரம் பிரேக்கில் குறை இரண்டு. முதலாவது, சூடு. பிரேக் ஷூ மூடிய உருளைக்குள் உரசுவதால் வெப்பம் வெளியேற வழி குறைவு. ஏலகிரி, கொல்லிமலை மாதிரி இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் உரசுபொருள் சூடேறிப் பிடிமானம் குறையும், டிரம்மும் விரிந்து ஷூவிடமிருந்து விலகும். மிதி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. டிஸ்க்கில் தகடு காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறிவிடும்.

இரண்டாவது குறைதான் பயப்பட வேண்டியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஏதோ ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலோ ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தாலோ நான்கு பிரேக்கும் ஒரேயடியாகப் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரில் முன்சக்கரங்களுக்குத் தனி வழி, பின்சக்கரங்களுக்குத் தனி வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பழைய காரில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டிஸ்க்கைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க் மாற்றும்போது ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். டிரம்மில் சக்கரம் சுழலும் வேகமே ஷூவை உள்ளே இழுத்து அழுத்த உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, காலுக்குப் பாரம் கூடும். ஆகவே மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேண்டும். பூஸ்டருக்கு இன்ஜினின் உறிஞ்சுகுழலிலிருந்து வெற்றிட இணைப்பு வேண்டும். முன்பக்கம் பலமாகப் பிடித்தால் எடை முன்னால் சாயும், லேசாகிப் போன பின்சக்கரம் முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கப் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டும். இந்த நான்கையும் சேர்த்து யோசிக்காமல், கிடைத்த டிஸ்க்கை மட்டும் மாட்டிவிடும் பட்டறை, டிரம்மைவிட மோசமான வண்டியைத் திருப்பித் தரக்கூடும்.

டயர் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழைய குறுக்கிழை டயருக்குப் பதில் அதே விட்டத்துக்கு நெருங்கிய ரேடியல் டயர் போட்டால் ஈர ரோட்டில் பிடிமானம் நன்றாகவே கூடும். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் திருப்புவது கொஞ்சம் கனமாகும். முன்னால் ரேடியல், பின்னால் குறுக்கிழை என்று கலந்து மட்டும் போடக்கூடாது, வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

டைனமோ, பாயிண்ட், விளக்கு

பழைய கார் நடுரோட்டில் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இன்ஜினாக இருக்காது. அதைச் சுற்றியிருக்கும் மின்சார வேலைதான்.

பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் அந்தக் காலத்து லூகாஸ் வகை டைனமோ முழு வேகத்தில் தருவது ஏறக்குறைய 20 ஆம்பியர். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது தருவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் இருந்த காலத்துக்கு அது போதும். மழை நாளில் கத்திப்பாராவில் அரைமணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஏசி போட்டால் அதன் காற்றாடிகளே பாதி மின்சாரத்தைக் குடித்துவிடும். இன்றைய கார்களில் டைனமோவின் வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர், இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும். டைனமோ மாதிரியே உருளைக் கூடு போட்ட ஆல்டர்னேட்டர்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. பானட்டைத் திறந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மாற்றுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளிருக்கும் டயோடுகள் அந்த நொடியே கருகிவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் ஒரு சின்ன சுவிட்ச். தேயும், கருகும், இடைவெளி மாறும். அதற்குப் பதில் காந்தப்புலத்தை உணரும் ஒரு சிறு மின்னணுப் பெட்டியை அதே மூடிக்குள் வைத்துவிடலாம். மூடியைப் போட்டால் 1965தான். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் போட்டு வைத்தால், புதுசு வழியில் மக்கர் பண்ணினாலும் கால்மணி நேரத்தில் பழையதை மாட்டி வீடு வந்து சேரலாம்.

விளக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்.இ.டி. பல்பை வாங்கிப் பழைய குமிழுக்குள் செருகிவிடுகிறார்கள். பழைய குமிழின் பிரதிபலிப்பான், இழை சரியாக ஒரே புள்ளியில் இருக்கும் என்ற கணக்கில் வடிக்கப்பட்டது. எல்.இ.டி.யின் ஒளி வேறு இடத்திலிருந்து வருவதால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். அதே வட்ட வடிவில் வரும் ஹாலஜன் விளக்கை முழுசாக மாற்றி, ரிலே வைத்துக் கனமான வயர் இழுத்தாலே வெளிச்சம் போதுமான அளவு கூடும்.

பெட்ரோல்: ஈயம் போனது, எத்தனால் வந்தது

பழைய இன்ஜினுக்கு எரிபொருள் மாற்றம் புதிதில்லை. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். ஈயம் இருந்தபோது அது வெளியேற்று வால்வின் இருக்கையில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, உலோகமும் உலோகமும் மோதித் தேயாமல் காத்தது. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினின் தலை வார்ப்பிரும்பு. வால்வு இருக்கையை அந்த இரும்பிலேயே நேராகச் செதுக்கியிருப்பார்கள். படலம் போன பிறகு இருக்கை மெல்லமெல்ல உள்ளே இறங்கும். இன்ஜின் தலையைக் கழற்றும் நாளில் லேத்தில் கொடுத்துக் கடினப்படுத்திய வளையம் இறக்கிவிட்டால் தீர்ந்தது. வாரம் ஒருமுறை ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அவசரமில்லை. நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர் தள்ளிப்போடக் கூடாது.

எத்தனாலின் வேலை மூன்று இடங்களில் தெரியும்.

1. ரப்பர்: பழைய பெட்ரோல் குழாய், டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் போன்றவை எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. ஃப்ளோரோ ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும். மொத்தத்தையும் மாற்ற ஒருநாள் வேலைதான்.

2. தண்ணீர்: எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கூடவே, பல வருட அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து கார்பரேட்டரை அடைக்கும். நீண்டநாள் நிறுத்துவதற்கு முன் டேங்க்கை வடித்துவிடுவதும், வழியில் ஒரு நல்ல ஃபில்டர் வைப்பதும் போதுமான வைத்தியம்.

3. கலவை: சாதா பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு அது ஏறக்குறைய 13.5 ஆகிறது. புது காரில் சென்சார் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்பரேட்டருக்கு மூக்கும் இல்லை, மூளையும் இல்லை. பழைய கணக்கிலேயே ஊற்றும். கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகி, கிளப்பும்போது திணறும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு சுற்று பெரியதாகப் போட வேண்டும். ஊசி ஜெட் உள்ள எஸ்.யூ. வகைக் கார்பரேட்டர் என்றால் அடியிலுள்ள நட்டைத் திருப்பியே சரிசெய்துவிடலாம். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறைவது மட்டும் எப்படியும் நடக்கும்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: தாங்க வைக்கலாம். இதற்காக இன்ஜினை மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

புது இன்ஜின் வந்தால் என்னென்ன கூட வரும்

இன்ஜினைத் தூக்கி வைப்பது என்பது ஒரு சொல்லில் முடிவதில்லை. புது இன்ஜினுக்கு அதன் கியர்பாக்ஸ் வேண்டும். அப்படியானால் ஸ்டீயரிங் ஓரத்து ஹேண்ட் கியர் போய்த் தரையில் கியர் வரும், தரையை வெட்ட வேண்டும். பிரபெல்லர் தண்டின் நீளம் மாறும். பின்பக்க டிஃபரன்ஷியல் 50 குதிரைத்திறன் அளவுக்குச் செய்தது. இரட்டிப்பு சக்தியைக் கொடுத்தால் முதலில் அலறும், பிறகு உடையும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், திரும்பும் குழாய், சென்சார்கள், இவற்றை ஆளும் ஈ.சி.யு. கணினி, முழுப் புது வயரிங் எல்லாம் வேண்டும். அப்புறம் அந்த வேகத்துக்கு ஏற்ற பிரேக், அதாவது முன்னால் பார்த்த பாடம் முழுவதும், மறுபடி.

இன்னொரு விஷயம் உடம்பின் அமைப்பு. சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் தனிச் சட்டகம் உண்டு, அதன்மேல் உடம்பைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அம்பாசடர் அப்படியில்லை. உடம்பே சட்டகம். பாரத்தைத் தாங்குவதும் அந்தத் தகடுகள்தான். இன்ஜின் அமர இடம் வேண்டும் என்று முன்பக்கத் தகட்டை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்தால், வெட்டுவது வண்டியின் எலும்பை. அதுவும் அறுபது வருடத் துரு ஏறிய எலும்பு.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

முதல் கோடு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. மாற்றம் என்றால், வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. ஆர்.சி.யில் இருப்பவை இன்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், சி.சி., உடம்பின் வகை, இருக்கை எண்ணிக்கை, நிறம் போன்றவை. பெட்ரோல் குழாயோ பாயிண்ட்டோ ஆல்டர்னேட்டரோ அதில் இல்லை. இன்ஜின் இருக்கிறது. நிறமும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டு வெள்ளை அம்பாசடரைக் கறுப்பாக்கிவிட்டு ஓட்டுகிறார்கள்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கு ஒன்றில், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று இதைக் கறாராகவே படித்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் எழுதிவைத்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றிக் கொடுத்த பட்டறை இருக்கட்டும், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கோடு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருந்தால் விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும் தனி எண் வரிசை. ஏற்கெனவே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் தகடுமேல் பாசம் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். நிபந்தனை இதுதான்: சேஸிஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது.

புது இன்ஜின் போட்ட மார்க் 2 மாட்டிக்கொள்வது இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான். சாதா வண்டியாக ஓட்ட 52ஆவது பிரிவு தடுக்கிறது, விண்டேஜாகப் பதிய 2021 விதி தடுக்கிறது. செலவு செய்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

பிரிட்டனில் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே நெடுங்காலம் இருந்த புள்ளிக் கணக்கில் சேஸிஸுக்கு, அல்லது அம்பாசடர் மாதிரி உடம்பே சட்டகமான மோனோகாக்குக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு வெறும் 1. மூல உடம்போடு சேர்த்து 8 புள்ளி தேறினால் வண்டி தன் பழைய அடையாளத்தோடு தொடரலாம். அவர்கள் கணக்கில் காரின் உயிர் எலும்பில் இருக்கிறது, நம் கணக்கில் இதயத்திலும் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் புள்ளிக் கணக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. எதை மாற்றினால் எவ்வளவு போகும் என்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

மின்சாரத்துக்கு மாற்றினால்?

இதற்கு நம் ஊரில் சட்டப்படி வழி உண்டு. ஆனால் கிட் செய்கிறவர் வாகனங்களுக்கான இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 123இன்படி, இன்ன வண்டி மாடலுக்கு என்று குறிப்பிட்டு, அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பிறகு ஆர்.டி.ஓ. ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றித் தருவார். அதிகம் விற்கும் மாடலுக்கு அந்தச் செலவைச் செய்ய ஆள் வருவார்கள். ஊருக்கு நாலைந்து இருக்கும் மார்க் 2வுக்கு யார் செய்வார்கள்?

ஜாகுவார் நிறுவனம் தன் இ-டைப் காரை மின்சாரத்துக்கு மாற்றியபோது, மோட்டாரும் பேட்டரியும் பழைய இன்ஜின், கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் ஏறக்குறைய அதே எடையில் உட்காரும்படி செய்தது. 2018 மே மாதம் இளவரசர் ஹாரி திருமண நாளில் ஓட்டிச் சென்றது அந்த வகைக் காரைத்தான். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா அப்படியும் மசியவில்லை. மின்சாரத்துக்கு மாற்றிய வண்டியை வரலாற்று வாகனமாக அது ஏற்பதில்லை. மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு அது சொல்வது ஒன்றுதான்: திரும்பப் பழையபடி மாட்ட முடிகிற மாதிரி மாற்றுங்கள், கழற்றிய பாகங்களைக் குறியிட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இது மின்சாரக் காருக்கு மட்டுமில்லை, டைனமோவுக்கும் பொருந்தும். கழற்றிய டைனமோ, பாயிண்ட், ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர், பழைய ஜெட் எல்லாவற்றையும் பெயரும் தேதியும் எழுதி ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்தால், 50 வருடம் முடிந்து விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் வண்டியை ஒரே வாரத்தில் மூல வடிவுக்குக் கொண்டுவரலாம். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிட்டால், அதே பாகத்தைத் தேடி அதே புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இந்தமுறை விலை எடைக்கணக்கில் இருக்காது.